டி டிரைவில் அழுத மாமனார்

“டிஸ்கில் போதிய இடமில்லை” என்று கம்ப்யூட்டர் சொன்னதை ஜெஸ்டன் முதலில் மதிக்கவில்லை. மறுபடியும் சேவ் அழுத்தினான். மறுபடியும் அதையே சொன்னது. மூன்றாம் முறையும் அதேதான்.

ஆம்பூரில் அந்த ஷூ தொழிற்சாலைக்கு பேட்டர்ன் வரைகிறவன் ஜெஸ்டன். ஆர்டர் கொடுக்க வெளிநாட்டிலிருந்து வந்திருந்த பையர் காலையில் திடீரென்று மனசு மாறி, ஷூவின் மூக்கைக் கூராக்கச் சொல்லிவிட்டார். அன்று காலையிலிருந்து தலை நிமிராமல் வரைந்தது முழுக்கத் திரையில் மட்டும்தான் இருந்தது. மேஜைக்கடியில் யுபிஎஸ் வேறு நோயாளி மாதிரி முனகிக்கொண்டிருந்தது.

சேவ் செய்து, முதலாளியின் பென்டிரைவைக் கழற்றித் தோல் வெட்டும் கட்டிங்குக்குக் கொண்டு போனால், பையர் கிளம்புவதற்குள் சாம்பிள் தயார். சாம்பிள் பிடித்தால் ஆர்டர். ஆர்டர் வந்தால் ஜெஸ்டனுக்கு வேலை நிரந்தரம் என்று முதலாளி அப்துல் சமத் தன் வாயாலேயே சொல்லியிருந்தார். வராவிட்டால் என்ன என்பதை அவர் சொல்லவில்லை. சொல்லாமலே புரிந்தது.

புரொடக்‌ஷன் மேனேஜர் பஞ்சாட்சரம் வாசலில் வந்து நின்றார்.

“இன்னாப்பா, ஆச்சா? பையர் பிரியாணிய முடிச்சுட்டு ஸ்வீட்டுக்கு வந்துட்டார்.”

“எடம் இல்லன்றது சார்.”

“இவ்ளோ பெரிய பொட்டியில எடம் இல்லையா? யார்கிட்ட கத வுடுது?”

ஜெஸ்டன் கம்ப்யூட்டர் மெக்கானிக் ஜியாவுல்லாவுக்கு போன் போட்டான். அவர் மேல்விஷாரத்திலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தார்.

“சி டிரைவ் எப்டி கீது தம்பி?”

“செவப்பா இருக்குது பாய்.”

“டி?”

“அதுல காலி மைதானம்.”

“அப்போ சி-தான் ரொம்பிப் போச்சு. குப்பையெல்லாம் அழிச்சுப் பாரு.”

ஜெஸ்டன் குப்பைத் தொட்டியைக் காலி செய்தான். பழைய படங்களை அழித்தான். பஞ்சாட்சரம் ஆசையாகச் சேர்த்து வைத்திருந்த காலை வணக்கப் படங்களையும், அவர் பார்க்காத நேரம் பார்த்து அழித்தான். சேவ் அழுத்தினான். இடமில்லை.

“பாய், வேற எடத்துல சேவ் பண்ணிக்கட்டுமா?”

“முடியாது. டிசைன் வெளிய போய்டக் கூடாதுன்னு, சேவ் ஆகற எடத்த மாத்த முடியாதபடி முதலாளி என்னை வெச்சு லாக் பண்ணிட்டாரு. நீ டி-யைக் கொஞ்சம் சுருக்கி, அந்த எடத்த சி-க்குக் குடு.”

டி-யைச் சுருக்கினான். சுருக்கிய இடம் தனியாக, கறுப்புப் பட்டையாக, டி-க்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டது. சி-யை நீட்டிக்கும் பொத்தான் மங்கலாகவே இருந்தது.

“ஒரே தோல்தானே?” என்றார் பஞ்சாட்சரம். “இங்க கம்மி, அங்க ஜாஸ்தி. எடுத்து ஒட்ட வேண்டியதுதானே?”

“பக்கத்துப் பக்கத்துல இருந்தாத்தான் சார் ஒட்டும். நடுவுல டி குந்திக்கினு கீது.”

“அப்போ டி-யைத் தூக்கு!”

ஜெஸ்டன் மவுஸிலிருந்து கையை எடுத்தான். டி-யில் கம்பெனிச் சரக்கு எதுவும் இல்லை. ஆனால் அவனுடைய கல்யாண வீடியோ இருந்தது. வீட்டிலிருந்த டிவிடியை மகள் ஜெனிஃபா தரையில் தேய்த்து விளையாடிப் பாழாக்கிய பிறகு, மிஞ்சியது அது ஒன்றுதான்.

அந்த வீடியோவில் அவன் மாமனார் ஏசுராஜ் அழுகிறார். மகள் கழுத்தில் தாலி ஏறியதும், சர்ச்சே திரும்பிப் பார்க்கும்படி தேம்பித் தேம்பி அழுகிறார். ரிட்டயர்டு தலைமையாசிரியர், பத்து வருடமாக “நான் எங்க அழுதேன்?” என்று சாதித்து வருகிறார். வருகிற ஞாயிற்றுக்கிழமை கல்யாண நாள். எல்லோரையும் கூட்டி வைத்து அதைப் போட்டுக் காட்டப்போவதாக அவன் மனைவி பொன்மலர், வேலூரில் நர்ஸாக இருப்பவள், அப்பாவிடம் சவால் விட்டிருந்தாள்.

வேறெங்காவது மாற்றி வைக்கலாமென்றால் போனில் இடமில்லை. முதலாளியின் பென்டிரைவில் சொந்தச் சமாச்சாரம் எதையாவது ஏற்றினால் அன்றைக்கே சீட்டுக் கிழியும்.

அந்த நேரம் பார்த்து முதலாளியின் ஆபீஸ் பெண் தில்ஷாத் எட்டிப் பார்த்தாள்.

“ஜெஸ்டன் அண்ணா, அந்த பென்டிரைவு…”

“பேஜார் பண்ணாத போம்மா!” என்று பஞ்சாட்சரம் விரட்டினார்.

போன் அடித்தது. பொன்மலர்.

“என்னங்க, வீடியோவ இன்னிக்கு மறக்காம எடுத்துனு வாங்க. அப்பா இப்பவே நடுங்க ஆரம்பிச்சுட்டாரு.”

“சரி,” என்றான் ஜெஸ்டன். அவன் குரல் அவனுக்கே கேட்கவில்லை.

“ஏன் ஒரு மாதிரி பேசுறீங்க?”

“எடம் பத்தல,” என்று சொல்லி வைத்துவிட்டான்.

யுபிஎஸ் ஒரு தடவை கீச்சென்று கத்தி அடங்கியது. திரை படபடத்தது. பேட்டர்ன் போய்விட்டதென்றே நினைத்தான். போகவில்லை, இருந்தது.

“பையர் கை கழுவிட்டார்பா!” என்று பஞ்சாட்சரம் அலறினார்.

மறுபடியும் போனில் வந்த ஜியாவுல்லா கேட்டார்: “டி-ல எதுனா முக்கியமா கீதா தம்பி?”

ஜெஸ்டன் நிரந்தர வேலையை நினைத்தான். ஜெனிஃபாவின் பள்ளிக்கூடத்தை நினைத்தான். கர்ச்சீப்பில் முகம் புதைத்துக் குலுங்கும் மாமனாரை நினைத்தான். சவாலில் அவர் ஜெயித்துவிட்டார்.

“ஒண்ணும் இல்ல பாய்.”

“அப்போ அழிச்சுடு.”

அழித்தான். நிச்சயமா என்று கம்ப்யூட்டர் கேட்டது. அதற்காவது கேட்கத் தோன்றியதே என்று நன்றியோடு ஆமாம் என்றான். டி மறைந்தது. சி-க்குப் பக்கத்தில் நீளமாகக் கறுப்பு வெற்றிடம் விழுந்தது. நீட்டிக்கும் பொத்தான் தெளிந்து உயிர் பெற்றது. அழுத்தினான். சிவப்பாக இருந்த சி, கண்ணுக்குக் குளிர்ச்சியாக நீலமாக மாறியது. வேண்டிய மட்டும் இடம். ஊரையே குடி வைக்கலாம்.

பஞ்சாட்சரம் அவன் முதுகில் ஓங்கித் தட்டினார். “அட்றா! சேவ் பண்ணு!”

ஜெஸ்டன் மனசுக்குள் ஜெபம் செய்துவிட்டு அழுத்தினான்.

டிஸ்கில் போதிய இடமில்லை.

போனில் ஜியாவுல்லா, “ஹலோ, ஹலோ,” என்றார். பஞ்சாட்சரம் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். கம்ப்யூட்டரின் முன்பக்கத்தில், சேவ் ஆகிறதெல்லாம் போய்ச் சேரும் முதலாளியின் பென்டிரைவில் கோத்திருந்த சின்னத் தோல் செருப்பு ஃபேன் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

தில்ஷாத் மறுபடியும் வந்தாள். இந்த முறை விரட்ட யாருக்கும் தெம்பில்லை. குனிந்து அந்தச் செருப்பைப் பிடித்துக்கொண்டாள்.

“இத எடுத்துக்கறேண்ணா, முதலாளி பொண்ணு கல்யாண வீடியோவ நேத்து இதுல ஒரு பொட்டு எடம் பாக்கி இல்லாம ரொப்பி வெச்சிருக்காரு, பையருக்கு டிவில போட்டுக் காட்டணுமாம்.”