இராஜசிங்கம் சேரும் முகம் தேடும் ட்ரோனும்

இந்த வருடம் முடிவதற்குள் யாழ்ப்பாணத்துக்கு மாற்றலாகிப் போய்விடுவது என்று இராஜசிங்கம் சேர் முடிவெடுத்து ஆறு வருடமாகிறது. ஒவ்வொரு வருடமும் புதிதாக எடுப்பதுபோலத்தான் எடுப்பார். மழை ஓயாத மலையூர் றக்வானையில் தோய்த்த சட்டை காயாது. காய்ந்த சட்டைக்குள் அட்டை இருக்கும். அட்டையை உதறி முடிப்பதற்குள் பஸ் போய்விடும். மனுசன் ஓரிடத்தில் இருந்து தேத்தண்ணி குடித்ததை அவர் படிப்பிக்கும் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் யாரும் கண்டதில்லை. நின்றபடி ஊதுவார், நடந்தபடி குடிப்பார்.

தடை ஒன்றுதான். இடமாற்ற விண்ணப்பத்தில் கணவன் மனைவி இருவரும் கையெழுத்து வைக்க வேண்டும். சேர் அங்கே கணினி ஆசிரியர். அதே பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கும் அவர் மனைவி மனோகரி மிஸ்ஸோ பேனாவைத் தொட மாட்டேன் என்கிறார்.

“வாற மாசம் முதல் வெள்ளிக்கிழமைதான் கடைசி நாள், மனோகரி. கையெழுத்தை வையும்.”

“ஒழுகிற கூரைக்குக் கீழ இருந்து படிக்கிற என்ர பதினொராம் வகுப்புப் பிள்ளையளுக்குச் சோதினை வருது. போன முறை மூண்டு பேர்தான் கணக்குப் பாஸ். இந்த முறை முழுப் பேரும் பாஸ் பண்ணுவினம். அதைப் பாக்காமல் நான் வரமாட்டன்.”

“அப்ப என்ர நிலைமை?”

“நீங்கள் எப்பவோ பாஸ் பண்ணிட்டியள்தானே. உங்களுக்கென்ன?”

இந்த நேரம் பார்த்துத்தான் கனடா மச்சான் அனுப்பிய ட்ரோன் வந்து சேர்ந்தது. உள்ளங்கையில் அடங்குகிற சாமான். மூக்கில் ஒரு கமரா. முகம் ஒன்றைக் கண்டால் அதை நோக்கிப் பறந்துபோய், ஒரு முழத் தூரத்தில் கண்ணுக்கு நேரே நிற்க வேண்டும் என்று சேர் நிரல் எழுதினார். முதல் நாள் சுவரில் முட்டியது. இரண்டாம் நாள் ரசத்துக்குள் விழுந்தது. மூன்று கிழமை கழித்து, குசினியில் நின்ற மனோகரியின் முகத்துக்கு முன்னால் போய் அசையாமல் நின்றது. அதன் பிறகு நூறு தரம் விட்டிருப்பார். நூறு தரமும் மனோகரியிடமே போனது. வீட்டில் இருப்பது இரண்டே முகம், அதில் ஒன்று கமராவுக்குப் பின்னால் நிற்கிறது என்பது சேருக்கு உறைக்கவில்லை. தன் மனைவியை அது அடையாளம் கண்டுகொண்டதென்று நெகிழ்ந்தே போனார்.

“பாத்தீரே? எத்தினை பேருக்குள்ள நிண்டாலும் உம்மைத்தான் தேடி வரும்.”

“அதெப்பிடி?”

“கன முகம் ஒண்டாத் தெரிஞ்சால், எது பெரிசோ அதுக்குத்தான் போகச் சொல்லி எழுதியிருக்கிறன். கிட்ட நிக்கிற ஆளின்ர முகம்தானே பெரிசாத் தெரியும்?”

மனோகரி கறிச்சட்டியை அடுப்பிலிருந்து இறக்கி வைத்தார். பிறகு சொன்னார்:

“சரி, பந்தயம். கடைசி நாளண்டைக்கு, வெள்ளிக்கிழமை, மைதானத்தில விடுங்கோ. நான் வலைப்பந்துக் கம்பத்தடியில நிப்பன். உது எனக்கு முன்னால வந்து நிண்டால் அந்த இடத்திலயே கையெழுத்து. வராட்டில் மூண்டு வருசத்துக்கு இடமாற்றம் எண்டு வாய் திறக்கக் கூடாது.”

சேருக்குத் தரையில் கால் பாவவில்லை. அன்றைக்கே கடைத்தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். றக்வானையில் ஒரு ஆள் வந்தாலும் முகம் அச்சடித்த பிளாஸ்டிக் பனர், போனாலும் பனர். அச்சுக்கடை முஹ்ஸின் நானா, சேருக்குப் பிரியாவிடைப் பனர் தன்னுடைய அன்பளிப்பு என்றார்.

“பனர் அலுவலை நான் பாக்கிறன். நீங்கள் ட்ரோனைப் பாருங்கோ,” என்றார் மனோகரி.

மனம் இளகிவிட்டது என்று சேர் நினைத்தார். மீசைக்குக் கறுப்படித்த கையோடு எடுத்த தன் நல்ல படமொன்றைப் பனருக்கென்று தேடிக் கொடுத்ததும் சேரேதான்.

வெள்ளிக்கிழமை மழைகூட விலகி நின்றது. பள்ளிக்கூடமே மைதானத்தைச் சுற்றி நின்றது. வாசல் தூணுக்கும் சவுக்கு மரத்துக்கும் நடுவே பனர் கட்டியிருந்தது. பாதிப் பனரில் ‘பிரியாவிடை’. மீதிப் பாதியில் சேரின் முகம், வாசல் கதவைவிட உயரமாக. சேர் அதைப் பெருமையோடு ஒருமுறை பார்த்துவிட்டு ட்ரோனை விட்டார்.

அது எழும்பியது. கம்பத்தடியில் நின்ற மனோகரியை நோக்கி நாலடி போனது. சேர் மனதால் யாழ்ப்பாண பஸ்ஸில் ஏறி யன்னல் பக்கமாக இருந்துவிட்டார். அப்போது காற்றடித்துப் பனர் விம்மியது. ட்ரோன் தயங்கியது. திரும்பியது.

“சேர், அது ஒங்க மூஞ்சிக்கிட்ட போகுதுங்க,” என்றாள் வலைப்பந்து அணித் தலைவி நிரோஷா.

போய், பனர்ச் சேரின் மீசைக்கு முன்னால் ஒரு முழத் தூரத்தில் அசையாமல் நின்றது. நிஜச் சேர் கைதட்டினார், கூப்பிட்டார், குறுக்கே ஓடினார். அது திரும்பியும் பார்க்கவில்லை. அதற்கு வேண்டிய சேர் அதற்குக் கிடைத்துவிட்டார்.

“பட்டரி எவ்வளவு நேரம் நிக்கும்?” மனோகரி ஆறுதலாகக் கேட்டார்.

“எட்டு நிமிசம்.”

“அப்ப கெதியாப் பனரைக் கழட்டுங்கோ. அதுக்குப் பிறகு என்னட்ட வந்தாலும் கையெழுத்து வைக்கிறன்.”

சேர் மரத்தில் ஏறினார். முந்நூறு பிள்ளைகள் பார்த்திருக்க, தன்னுடைய பிரியாவிடையைத் தானே அவிழ்க்கத் தொடங்கினார். முடிச்சோ அசைவதாயில்லை.

“ஆர் இவ்வளவு இறுக்கிக் கட்டினது?”

“மிஸ்தான் கட்டின, சேர்,” என்றார் கேக் பெட்டியோடு வந்து நின்ற முஹ்ஸின் நானா. “என்ன சேர், அப்ப போறல்லயா?”

கடைசி முடிச்சு அவிழ்ந்தபோது பட்டரி தீர்ந்தது. ட்ரோன் தேயிலைச் செடிக்குள் விழுந்தது. சேர் இறங்கிவந்து பனரின் மேலேயே இருந்துவிட்டார். வெட்கமாக இருந்தது. மூன்று வருடத்தை விரலில் எண்ணிப் பார்த்தார். அந்தப் பக்கம் பதினொராம் வகுப்பு மிஸ்ஸைச் சுற்றி நின்று துள்ளியது. அதைப் பார்த்து வந்த சிரிப்பை மீசைக்குள் மறைத்துக்கொண்டு முஹ்ஸின் நானாவிடம் பாய்ந்தார்.

“ஒரு மனுசன்ர முகத்தை இவ்வளவு பெரிசா அடிக்கலாமோ?”

“மிஸ் வகுப்புக் கூரைய அளந்து தந்த அளவுக்குத்தானே சேர் அடிச்ச?”

மனோகரி பனரின் ஒரு தலைப்பைப் பிடித்து உதறினார்.

“எழும்புங்கோ, மழை வரமுந்தி ஒழுகிற இடத்தில விரிப்பம். முகம் வானத்தைப் பாக்கட்டும். உள்பக்கம் வந்தால் பிள்ளையள் கணக்குச் செய்யமாட்டினம், பயந்திடுவினம்.”