வாரன் பிரிட்சர்ட் காலுறை மாட்டிய போர்

ஒன்பதரைப் பகல்கள். மணிக்கணக்கில் எண்பதரை. இத்தனை நேரம் தன்னந்தனியாக ஒரு வீட்டைக் காத்து நின்ற வீரனை வணங்கிக் கதையைத் தொடங்குகிறோம். வெண்கால்சட்டை வேந்தே, புல்தரையில் பந்துருட்டிப் பகைவரைப் புறங்கண்டவனே, டாஸ்மேனியாவின் வடகரைக் காற்றுக்கும் கலையாத நரைமீசை உடையவனே, வாரன் பிரிட்சர்டே, வாழ்க! உன் புகழைப் பாட உன் மனைவிக்கு இப்போது நேரமில்லை. ஆகவே நாங்கள் பாடுகிறோம்.

போருக்குக் காரணம் ஓர் அழைப்பாணை. பிப்ரவரி மாதத்தின் முதல் திங்களன்று ஜூரியில் அமர வரும்படி வாரனின் மனைவி நோலீனை அரசு அழைத்திருந்தது. வீட்டில் முதியவரைப் பராமரிப்பவர்கள் விலக்குக் கேட்கலாம். அப்பாவின் கால்களைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னால் போதும், பத்து மணிக்கே திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று வாரன் விளக்கினான். நோலீன் தலையை ஆட்டினாள். அந்தத் திங்களன்று மாலை ஐந்து மணிக்குத் திரும்பி வந்து, "என்னை எடுத்துக்கிட்டாங்க," என்றாள்.

அப்பாவின் கால்களைப் பற்றிக் கூறவேண்டும். மெர்வ் பிரிட்சர்ட்டுக்கு எண்பத்தாறு வயது. ஐம்பது வருடம் கல்நண்டுப் படகில் நின்ற கால்கள் இப்போது வீங்கிக்கொண்டே இருந்தன. வீக்கத்தை அடக்க, தினமும் முழங்கால் வரை இறுக்கமான மீள்துணிக் காலுறை போடவேண்டும் என்பது மருத்துவர் கட்டளை. கணுக்காலில் இருபது மில்லிமீட்டர் பாதரச அழுத்தம். எழுந்து நடமாடுவதற்கு முன்பே மாட்டிவிடவேண்டும். மெர்வ் ஒன்பது மணிக்கு முன்னால் கண் திறப்பதில்லை. வாழ்நாள் முழுக்க விடியலுக்கு முன் எழுந்ததற்கு அவர் தீர்த்துக்கொள்ளும் பழி அது. நோலீன் பதினோரு வருடமாக மாட்டிவந்தாள், மூன்று நிமிடத்தில். எந்தப் புலவரும் அதைப் பாட வந்ததில்லை. வாரன் ஓய்வுபெற்று வீட்டிலிருக்கும் இரண்டு வருடமும் அதே மூன்று நிமிடம் அவன் செய்தித்தாளின் கடைசிப் பக்கத்துக்கு ஒதுக்கப்பட்டிருந்தது.

கேளுங்கள், அவையோரே! முதல் நாள், மனைவி வந்துவிடுவாள் என்று வீரன் பதினொரு மணிவரை காத்திருந்தான். அதற்குள் கால்கள் காலுறையைவிடப் பெரிதாகிவிட்டன. ஆயினும் அஞ்சாது மண்டியிட்டு, பழுப்புநிறக் கவசத்தை இரு கைகளாலும் பற்றி, கோட்டைக் கதவைத் தள்ளும் யானையென முன்னே சாய்ந்து, வியர்வை மீசையில் வழிய, பற்கள் ஒன்றோடொன்று உரச, தந்தையின் பெருவிரலைக் காலுறைக்குள் செலுத்தி, பாதத்தைக் கடந்து, குதிகால் என்னும் குன்றின் அடிவாரத்தை அடைந்தபோது, மீள்துணி தன் பெயருக்கேற்பச் சரேலென மீண்டு, வீரனைப் பின்புறமாகத் தரைவிரிப்பில் அமர்த்தியது.

"அவ குதிகால் வரைக்கும் உள்பக்கமாத் திருப்பிப்பாடா," என்றார் மெர்வ். "நீ என்னமோ மூட்டையில உருளைக்கிழங்கு திணிக்கிற மாதிரி திணிக்கிறே."

நாற்பத்திரண்டு நிமிடத்தில் முதற்கால் வீழ்ந்தது. இரண்டாம் கால் உணவு இடைவேளைக்குப் பின்தான் வீழ்ந்தது. மாலையில் வாரன் தன் கட்டைவிரல் மூட்டில் வலி என்று அறிவித்து, பனிக்கட்டி வைத்துக் கட்டி, அதைக் குடும்பத்தார் காண மேசைமீது நீட்டி வைத்தான். நோலீன் பார்த்தாள். அவள் இரண்டு கட்டைவிரல்களும் பல வருடமாகவே சற்று வளைந்திருந்தன. "வழக்கு பத்திப் பேசக் கூடாதாம்," என்று மட்டும் சொல்லிவிட்டுத் தூங்கப் போனாள்.

சட்டம் சொன்னது அவ்வளவுதான். ஆனால் பிரிட்சர்ட் குலம் சட்டத்துக்கு அஞ்சும் குலம். அளவுக்கு மீறி நண்டு பிடித்ததற்காக ஒருமுறை மெர்வ் நீதிபதி முன் நின்றவர். "அவகிட்ட ஒண்ணும் கேக்காதே. எப்ப முடியும்னு கேட்டாக்கூட உள்ள போட்டுடுவாங்க," என்று அவர் எச்சரித்தார். வாரன் இன்னும் ஒரு படி மேலே போனான். ஜூரியின் காதில் வெளிச்செய்தி விழுந்துவிடக் கூடாது என்று செவ்வாயன்றே செய்தித்தாளை நிறுத்தினான். வானொலியின் இணைப்பைப் பிடுங்கினான். பக்கத்து வீட்டுக்காரர் வேலிமேல் கையூன்றி நீதிமன்றம் என்று தொடங்கியபோது, கண்ணியமாகப் பேச்சை வானிலைக்குத் திருப்பினான். இவ்வாறு தன் கோட்டைக்குள் ஒரு சொல்லும் நுழையாதபடி எல்லா வாயில்களையும் தன் கையாலேயே அடைத்தான்.

சனி ஞாயிறு போர்நிறுத்தம். நோலீன் இரண்டு காலுறைகளையும் மூன்று நிமிடத்தில் மாட்டினாள். திங்களன்று மறுபடி கைப்பையுடன் புறப்பட்டாள்.

இரண்டாம் வாரத்தில் அவள் முகம் சற்றுச் சிவந்திருந்தது. நியாயத்தை எடைபோடுவதால் ஏற்படும் சிவப்பு என்று வாரன் கருதினான். அவள் காலணியிலிருந்து குளியலறையில் மணல் கொட்டியது. நீதிமன்றத் தரையில் மணல் எப்படி வந்தது என்று கேட்பதும் குற்றமாகலாம். எனவே அவன் பெருக்கித் தள்ளினான்.

ஆனால் வெள்ளிக்கிழமை நெருங்கியது. தெற்கே, தலைநகர் ஹோபார்ட்டில் சனிக்கிழமை காலை மாநிலப் புல்தரைப் பந்துருட்டல் இரட்டையர் இறுதிப்போட்டி. ஒன்பது வருடத்தில் முதல்முறையாக வாரனின் சங்கம் அங்கே செல்கிறது. பேருந்து வெள்ளி பிற்பகல் இரண்டு மணிக்குப் புறப்படும். நோலீன் வருவதோ ஐந்துக்கு. போன குளிர்காலத்தில் குளியலறையில் விழுந்த மெர்வை மூன்று மணி நேரம் தனியாக விடமுடியாது. பேருந்தா தந்தையா என்ற தர்மசங்கடம் வாரனை இரவெல்லாம் புரட்டியெடுத்தது. இதே கேள்வியில் பதினோரு வருடம் வாழ்ந்தவள் பக்கத்தில் நன்றாகத் தூங்கினாள்.

பத்தாம் நாள். பன்னிரண்டு மணிக்கு வீரன் பொங்கி எழுந்தான். வெண்கால்சட்டை, வெண்சட்டை, சங்கத்தின் நீலக் கழுத்துப்பட்டை அணிந்தான். ஒரு காலில் மட்டும் காலுறை ஏறிய தந்தையைக் காரில் அமர்த்தினான். நீதிபதியின் முன் விழுந்தாவது மனைவியை மீட்பேன் என்று சூளுரைத்தான். மாண்புமிகு என்று தொடங்கும் விண்ணப்ப உரையை நான்கு போக்குவரத்து விளக்குகளில் நான்கு முறை ஒத்திகை பார்த்தான்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா அந்த மாண்புமிகு எல்லாம் வேணாம்டா," என்றார் மெர்வ். "புதுக் கப்பலைக் கடல்ல இறக்கி வைக்க வந்த மந்திரி மாதிரி இருக்கு."

நீதிமன்றத்துக்கு எதிரே சாலை, சாலைக்கு அப்பால் கடல். பன்னிரண்டரை மணிக்கு வாரன் காரை நிறுத்தியபோது, கடற்சுவரின்மேல் நோலீன் உட்கார்ந்திருந்தாள். காலணி பக்கத்தில். மடியில் கறிமசாலா போட்ட சிப்பியிறைச்சியை உள்ளே வைத்துச் சுட்ட பேஸ்ட்ரி, பாதி தின்றது. அவளருகே ஒரு குளியல் துண்டு காய்ந்துகொண்டிருந்தது. இடைவேளை போலும் என்று வீரன் மகிழ்ந்தான். மீதிப் பதினொரு பேர் எங்கே என்ற ஐயம் உதித்து, உதித்த இடத்திலேயே மறைந்தது.

ஜூரியிடம் எவ்வளவு நெருங்கலாம் என்று அவனுக்குத் தெரியவில்லை. பதினைந்தடி தள்ளி நின்றான். கடற்காகங்கள் வாயடைத்துப் பார்த்திருக்க, வலக்கையை நெஞ்சில் பதித்து, ஒன்பதரைப் பகல்களாகத் தான் பட்ட பாடுகளை, குதிகால் என்னும் குன்றை, புண்பட்ட கட்டைவிரலை, கருகிய கஞ்சியை, பயிற்சியின்றி வாடும் தன் உருட்டுக்கையை, காத்திருக்கும் பேருந்தை, ஒன்பது வருடமாகக் கோப்பையைக் காணாத சங்கத்தின் கண்ணாடி அலமாரியை முறைப்படி எடுத்தோதினான். ஒரு வீட்டையும் ஒரு கிழவரையும் ஒரு தனிமனிதன் இனிமேலும் தாங்கமுடியாது என்பதை நீதியின் காதுக்கு எட்டும்படி முழங்கினான்.

நோலீன் மென்றுகொண்டே கடைசிவரை கேட்டாள்.

"நீளமா இழுக்காதே, பஸ் போயிடும். நேராக் கேளுடா," என்று கார் சன்னலிலிருந்து மெர்வ் குரல் கொடுத்தார்.

வாரன் இடமும் வலமும் பார்த்தான். காவலர் எவருமில்லை. குரலைத் தாழ்த்தினான்.

"கேக்கக் கூடாதுன்னு தெரியும் நோலீன். ஆனா இந்த வழக்கு எப்பதான் முடியும்?"

அவள் விரல்களைத் துண்டில் துடைத்துக்கொண்டாள்.

"போன வாரம் வியாழக்கிழமையே முடிஞ்சு போச்சு."