தன் பெயரை மறந்த வேட்பாளர்

ஒஹையோ, மார்ச் 1884

அன்புள்ள தம்பி தாடியஸுக்கு, அக்கா அல்மைரா எழுதுவது. நான் நலம். நெப்ராஸ்காவில் நீயும் உன் குடும்பமும் மாடுகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நிலத்தை விற்று, அச்சு இயந்திரம் வாங்கிப் பத்திரிகை தொடங்கி, அப்படியே சட்டசபைக்கும் நிற்கலாமா என்று கேட்டிருக்கிறாய். வேண்டாம்.

உன் அத்தான் லைசாண்டர் கண்ணை மூடி இரண்டு குளிர்காலம் ஆகிவிட்டது. அவர் பத்திரிகை நடத்திய அழகைப் பக்கத்திலிருந்து பார்த்தவள் நான். சந்தாவுக்குப் பதில் பூசணிக்காய் வரும். ஒரு வருடம் எல்லோரும் பூசணியே கொடுத்ததில் தலையங்கம்கூட அந்த வாசனை அடித்தது. இதற்கிடையில் அவருக்கு மாநில செனட் ஆசை வேறு. இந்த வட்டாரத்தில் எங்களுடையது ஒன்றுதான் அச்சகம் என்பதால் இரண்டு கட்சிக்கும் வாக்குச்சீட்டு அடிப்பவர் அவரே. சீட்டில் அந்தந்தக் கட்சி வேட்பாளர்களின் பெயர்கள் வரிசையாக இருக்கும்; கட்சிக்காரர் வாங்கி மடித்துப் பெட்டியில் போடுவார். முதலில் எதிர்க்கட்சிச் சீட்டை அடித்துவிட்டு, கோத்த எழுத்தைக் கலைக்காமல் தலைப்பையும் பெயர்களையும் மட்டும் மாற்றி எங்கள் கட்சிச் சீட்டை அடித்தார். எல்லார் பெயரையும் மாற்றினார், தன் பெயரை வைக்க மறந்துவிட்டார். எங்கள் சீட்டிலும் செனட்டுக்கு நேரே எதிராளி ஹோசியா க்ராண்டலின் பெயரே நின்றது. வாக்குச்சீட்டு ஆண்கள் காரியமாம், மெய்ப்பு பார்க்க என்னைக் கூப்பிடவில்லை. எங்கள் கட்சிக்காரர்கள் விசுவாசிகள். ஒருவரும் படித்துப் பார்க்கவில்லை. உன் அத்தானும்தான்.

தேர்தலுக்கு மறுநாள் ஹோசியா அச்சகத்துக்கே வந்துவிட்டார்.

"ஏம்ப்பா லைசாண்டர், எம்மேல இவ்வளவு பிரியமா இருந்தா நீ போட்டியிடாமலே இருந்திருக்கலாமே."

"அதை விடுய்யா. சீட்டு எப்படி இருந்துச்சு, அதைச் சொல்லு."

"எழுத்தைக் கண்ணுல ஒத்திக்கலாம்ப்பா."

தோற்றவர் அந்த வாரம் முழுக்கப் பூரித்துத் திரிந்தார்.

குளிரில் மை உறையாமலிருக்க அடுப்போரம் வைப்போம். அந்த வாசனை இல்லாமல் இப்போதெல்லாம் காலைக் காப்பி இறங்க மாட்டேன் என்கிறது. உன் கேள்விக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

ஆகவே பேசாமல் சோளம் போடு. உன் நிலத்தில் மழையும் வீட்டில் அமைதியும் தங்கட்டும். குழந்தைகளுக்கு என் அன்பு.

அக்கா
அல்மைரா

பி.கு.: நீ இயந்திரம் எதுவும் வாங்க வேண்டாம். எங்களுடையதை இன்று காலை ரயிலில் ஏற்றிவிட்டேன்; பின்னாலேயே நானும் வருகிறேன். தேர்தலில் நீ நில், தலையங்கம் நான் எழுதுகிறேன். எனக்குத்தான் ஓட்டுக் கிடையாது. மெய்ப்பையாவது நான் பார்க்கிறேன்.