நீளப் பட்டியலுக்குப் போன டிரான்ஸ்ஃபார்மர்

ஒரகடத்தில் மூன்று மாடி லாட்ஜ், கீழே மெஸ், வடக்குப்பட்டுப் பக்கம் தண்ணீர் கேன் கம்பெனி. எல்லாம் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாத நான் கட்டியவை. பேங்க்காரன் கதவைச் சாத்தினான், சொந்தக்காரன் சிரித்தான், கட்டினேன். என் லாட்ஜில் தங்கிய ஆயிரக்கணக்கான பேரில், உட்காராமலே வாழ்கிற ஒரே மனிதன் டிரான்ஸ்ஃபார்மர்தான்.

பெயர் நான் வைத்தது. நாகர்கோவில் பக்கத்துக்காரன்; கார் பார்ட்ஸ் கம்பெனியில் வேலை. ரூம் கேட்டு வந்தபோது, ஷிப்ட் போக மீதி நேரத்தில் டிரான்ஸ்லேட்டர் என்றான். என் காதில் டிரான்ஸ்ஃபார்மர் என்று விழுந்தது. கரன்ட் வேலை தெரிந்தவன் கிடைத்தானே என்று மாடி ரூமைக் கொடுத்தேன். மறுவாரம் லாட்ஜில் கரன்ட் போக, அவன் கையில் டெஸ்டரைத் திணித்தேன். அப்போதுதான் தமிழ் நாவலை இங்கிலீஷுக்கு மாற்றுகிறவன் என்று தெரிந்தது. வைத்த பெயர் மட்டும் மாறவில்லை.

நடந்துகொண்டேதான் மொழிபெயர்ப்பான். ஒருநாள் தோசையோடு மெஸ்ஸைச் சுற்றியவனைப் பிடித்து நிறுத்தி, என்ன சங்கதி என்றேன். நாவலின் கடைசிப் பக்கமாம். நம் பக்கத்துக் கிழவன் ஒருவன் ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். பெண்டாட்டி அவன் நெஞ்சில் கை வைத்துப் பார்க்கிறாள். "கீறேன்" என்கிறான் கிழவன். அதோடு கதை முடிகிறது.

"சாகக் கிடக்கவன் எதுக்கு ஐயா கீறணும்? நகத்தால கட்டிலக் கீறுகான்னு எழுதியிருக்கேன். மனசுக்கு ஒட்டல்ல."

எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "அட இன்னாபா நீ. கீறேன்னா இருக்கிறேன்பா. இன்னும் உசுரோடதான் கீறேன், பயப்படாதேன்றான்."

தோசையை என் மேஜையிலேயே போட்டுவிட்டு மாடிக்கு ஓடினான்.

அந்தப் புத்தகத்தை வெளிநாட்டுப் பதிப்பகம் ஒன்று போட்டு, உலகப் பரிசு ஒன்றுக்கு அனுப்பியது. அவன் விளக்கியதும் எனக்குப் புரிந்துவிட்டது: நம் கம்பெனி இன்ஸ்பெக்ஷன் மாதிரிதான். எழுதினவர் தானே அனுப்ப முடியாது, பதிப்பகம்தான் அனுப்பவேண்டும். நடுவர்கள் வந்ததையெல்லாம் படித்து நீளப் பட்டியல் போடுவார்கள். அதையே திரும்பப் படித்துக் கழித்தால் சின்னப் பட்டியல். மறுபடி படித்தால் ஒன்று மிஞ்சும். பரிசில் எழுதினவருக்குப் பாதி, மாற்றினவனுக்குப் பாதி.

நீளப் பட்டியலில் புத்தகம் வந்தது. மெஸ்ஸில் எல்லாருக்கும் கேசரி போட்டேன். பரிசு கிடைத்தால் ஷிப்டை விட்டுவிட்டு இதையே முழுநேரமும் செய்யலாம் என்று இருந்தான். அடுத்த பட்டியல் வரும்வரை கம்பெனி பஸ்ஸில்கூட நின்றுகொண்டே போனான். அந்த நோய் எனக்கும் தொற்றி, கல்லாவுக்கும் வாசலுக்குமாக நடந்தேன்.

சின்னப் பட்டியலில் பெயர் இல்லை.

"போச்சு ஐயா. நாளைக்கு பர்ஸ்ட் ஷிப்ட்" என்றான்.

"போனா போவுது, அடுத்த கதய எடு. வராண்டா உன்துதான், நட. எவனாச்சும் கேட்டா நான் பேசிக்கிறேன்."

இப்போது அடுத்ததில் நடந்துகொண்டிருக்கிறான். ஆனால் ஒன்றை நான் விடப்போவதில்லை. புத்தக அட்டையில் எழுதினவர் பெயர் பெரிதாக இருக்கிறது. இவன் பெயர் உள்பக்கத்தில், பொடி எழுத்தில். கடைசி வார்த்தைக்கு அர்த்தம் சொன்ன என் பெயர் எங்கேயும் இல்லை. மறுபதிப்பில் போட்டே ஆகவேண்டும். அட்டையில்கூட வேண்டாம், அவன் பெயருக்குப் பக்கத்தில் போடுங்கள். பாவம், தனியாக நிற்கிறான்.