நாக்கில் விழுந்த லாக்

மூன்று நாள் சேர்ந்தாற்போல விடுமுறை வந்தது. இந்த முறை மைத்துனர் வீட்டுக்குப் போவதில்லை என்று உறுதியாக முடிவெடுத்தேன். முடிவை மனைவியிடம் சொல்லவில்லை. சொன்னால் அது முடிவாக இருக்காது, ஆரம்பமாகிவிடும்.

மைத்துனர் என்றால் மனைவியின் அண்ணன். நல்ல மனிதர். குன்றின் மேல் பழத்தோட்டம் வைத்திருக்கிறார். என்மேல் அவருக்கு உயிர். "மாப்ள, சும்மாதானே இருக்கீங்க? ஒரு கை பிடிங்க" என்பார். போன விடுமுறையில் அந்த ஒரு கை எண்பதடி வாய்க்கால் வெட்டியது. அதற்கு முந்தின விடுமுறையில் கொட்டகை முழுக்கச் சுண்ணாம்பு அடித்தது. நானோ அலுவலகத்தில் வரைபடம் வரைகிறவன். பென்சிலைவிடக் கனமான எதையும் தூக்கிப் பழக்கமில்லை. விடுமுறை முடிந்து அலுவலகம் போனால், "நல்லா ரெஸ்ட் எடுத்தீங்களா?" என்று கேட்கிறார்கள். எனக்கு அழுகை வருகிறது.

இந்த மூன்று நாளும் என் வீட்டில், என் நாற்காலியில், என் காலை நீட்டிக்கொண்டு கிடக்க வேண்டும். ஆசை அவ்வளவுதான்.

'போகமாட்டேன்' என்று சொல்லும் தைரியம் எனக்கில்லை. 'போக முடியவில்லை' என்று சொல்லலாம். அதற்கான வழி என் ஜீப்பின் முன் சக்கரத்தில் இருந்தது.

கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். அது ஆபீஸ் ஏலத்தில் எடுத்த பழைய ஃபோர் வீல் ஜீப். சாதாரண ரோட்டில் பின் சக்கரங்கள் மட்டும் உழைக்கும். முன் சக்கரங்கள் கூடவே உருளும். சேறு வந்தால் வண்டியை நிறுத்தி இறங்கி, முன் சக்கரம் ஒவ்வொன்றின் நடுவிலும் இருக்கும் ஹப் என்கிற திருகை 'ஃப்ரீ'யிலிருந்து 'லாக்'குக்குத் திருப்ப வேண்டும். 'டக்' என்று விழும். பிறகு உள்ளே வந்து குட்டிக் கியரைப் போட்டால் நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கும். ஹப்பைத் திருப்பாமல் கியரை மட்டும் போட்டால் போடாத மாதிரிதான். மைத்துனர் வீட்டுக்குக் கடைசி ஒரு மைல் களிமண் ஏற்றம். ஃப்ரீயில் போனால் ஓரடி ஏறாது.

பதினோரு வருஷமாகச் சேற்றில் இறங்கித் திருப்புகிறவன் நான். சீட்டில் உட்கார்ந்திருப்பவள் அவள். அவளுக்கு ஹப்பும் தெரியாது, கப்பும் தெரியாது என்பது என் கணிப்பு.

சிக்கல் அந்தச் சத்தம்தான். 'டக்' கேட்காவிட்டால் சந்தேகப்படுவாள். எனவே இரண்டு நாள் குளியலறையில் நாக்கால் பழகினேன்.

"என்னங்க, உள்ள பல்லி கத்துதா?"

"ஆமா."

"ஒண்ணா?"

"ரெண்டு." சக்கரம் இரண்டல்லவா? எதிலும் துல்லியம் வேண்டும்.

விடுமுறையின் முதல் நாள் காலையில் கிளம்பினோம். ஏற்றத்தின் அடியில் வண்டியை நிறுத்தி இறங்கினேன். ஹப்பின் மேல் கை வைத்து, காற்றைத் திருகி, நாக்கால் 'டக்' என்றேன். அவள் பக்கம் போய் முதுகால் மறைத்துக்கொண்டு இன்னொரு 'டக்'. ஏறி உட்கார்ந்து குட்டிக் கியரைப் போட்டு ஆக்ஸிலரேட்டரை மிதித்தேன். பின் சக்கரங்கள் சேற்றை வாரி இறைத்தன. வண்டி நின்ற இடத்திலேயே நின்றது. மனசுக்குள் 'அப்பாடா!' என்றேன். வெளியே "ஹப்பு போச்சே!" என்றேன்.

"என்ன ஆச்சு?"

"ஹப் ஜாம். உள்ள பிடிக்கல. திரும்பிடலாம்மா."

"ரெண்டுமா?"

"ரெண்டும்."

"ஒரே நேரத்துலயா?"

"ஜோடியா மாட்டினது. ஜோடியாத்தான் போகும்."

"எவ்வளவு ஒத்துமை!" என்று இறங்கிப் போய்ப் பார்த்தாள். "பின் சக்கரம் உயிரைக் கொடுத்து உழைக்குது. முன் சக்கரம் நின்னு வேடிக்கை பாக்குது. நம்ம வீடு மாதிரியே இருக்குங்க."

இந்தப் பேச்சை நான் வளர்க்க விரும்பவில்லை.

"சரி, கழட்டிப் பாருங்க."

"இங்கயா?"

"ஸ்பேனர், மண்ணெண்ணெய், கிரீஸ், பழைய துணி எல்லாம் பின்னாடி பையில இருக்கு."

"அதெல்லாம் எதுக்கு எடுத்து வந்த?"

"வருஷத்துக்கு ஒரு தடவை ஹப்பைக் கழட்டிச் சுத்தம் பண்ணுங்கன்னு போன வருஷமே சொன்னேன். நேரமில்லன்னீங்க. இப்ப நேரம் இருக்கு. அதான் எங்கயும் போக முடியாதே."

ஹப்பில் கோளாறு இல்லை என்று எப்படிச் சொல்வேன்? கழற்றினேன். ஆறு போல்ட். மூடியை எடுத்ததும் உள்ளிருந்த ஸ்பிரிங் துள்ளி என் மூக்கைப் பதம் பார்த்தது. பழைய கிரீஸ் மண்ணோடு சேர்ந்து தார் மாதிரி இறுகிக் கிடந்தது. மண்ணெண்ணெயில் கழுவினேன். அவள் குடை பிடித்துக்கொண்டு நின்றாள். குடை அவளுக்கு.

"கிரீஸை அப்பாதீங்க, தடவுங்க. ஜாஸ்தியானா அதுவே இறுகிப் பிடிச்சுக்கும். போல்ட்டை எதிரும் புதிருமா முடுக்குங்க. அப்பதான் மூடி சமமா உக்காரும்."

அப்போதே நான் சுதாரித்திருக்க வேண்டும். புருஷன் செய்கிற வேலைக்கு யோசனை சொல்ல விஷயம் தெரிந்திருக்க வேண்டுமா என்ன என்று இருந்துவிட்டேன்.

இரண்டு ஹப்பும் முடிய இரண்டரை மணி நேரமானது. முழங்கை வரை கறுப்பு. ஆனாலும் என்னிடம் கடைசி ஆயுதம் இருந்தது. குனிந்தேன். 'டக்.' சுற்றிப் போய்க் குனிந்தேன். 'டக்.' ஏறி மிதித்தேன். மறுபடியும் சேறு பறந்தது.

"பாத்தியா? கழட்டி மாட்டியும் சரியாகல. விதி! திரும்பிடலாம்."

அவள் இறங்கினாள். இரண்டே விரலால் திருப்பினாள். 'டக்!' அடுத்த பக்கம் போனாள். 'டக்!'

"இதுதாங்க ஹப்பு. நீங்க போட்டது பாத்ரூம் பல்லி."

"உனக்கு... இதெல்லாம்..."

"நான் இந்த மேட்டுல பொறந்தவ. பள்ளிக்கூடத்துக்குப் பல்லக்குலயா இறங்கிப் போனேன்?"

"அப்ப பதினோரு வருஷமா ஏன் வாயே திறக்கல?"

"சேத்துல இறங்க ஒரு ஆள் இருந்தாரு. எதுக்குக் கெடுக்கணும்?"

"ஒண்ணுமில்லன்னு தெரிஞ்சேவா கழட்ட விட்ட?"

"நல்லா இருக்கிற ஹப்பைக் கழட்டுங்கன்னா கழட்டுவீங்களா? ரிப்பேர்னு நீங்களே சொன்னாதானே உண்டு. தள்ளி உக்காருங்க."

தள்ளி உட்கார்ந்தேன். அவள்தான் ஓட்டினாள். நாலு சக்கரமும் மண்ணைக் கவ்விப் பிடித்து ஏறின. சும்மா சொல்லக்கூடாது, என்னைவிட நன்றாகவே ஓட்டினாள். தோற்ற வருத்தத்திலும் எனக்குக் கொஞ்சம் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமை குன்றின் உச்சி வரை நீடித்தது.

முற்றத்தில் மைத்துனர் கை நீட்டி வரவேற்றார். அவருக்குப் பின்னால் பழக்கூடை ஏற்றும் ஜீப்புகள் மூன்று, முன்பக்கம் தூக்கி, மரக்கட்டை முட்டுக் கொடுத்து, வரிசையாக நின்றன.

"வாங்க மாப்ள! வழியிலயே ரெண்டு ஹப்புல கை பழகிட்டு வருவீங்கன்னு தங்கச்சி நேத்தே போன்ல சொல்லிட்டா!"

நான் மனைவியைப் பார்த்தேன். அவளுக்கே இரக்கம் வந்துவிட்டது.

"அண்ணா, பாவம், அவரை ரொம்பப் பிழியாத. மூணு நாள் இருக்கே. ஒரு நாளைக்கு ரெண்டு ஹப்பு போதும்."