ஒரு வேலி உண்மை

"அது காளியம்மா நிலம் இல்ல சார், எங்க நிலம்" என்று தங்கமணி சொன்னதும், ரெவின்யூ இன்ஸ்பெக்டர் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

தங்கமணியின் அப்பா, மிராசுதார் ரெத்தினத்துக்கு வியர்த்தது. நில உச்சவரம்புச் சட்டம் வந்தபோது, கையை விட்டுப் போகவிருந்த ஒரு வேலி, அதாவது ஆறரை ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தைப் பண்ணையாள் காளியம்மாள் பெயருக்கு மாற்றியிருந்தார். பெயர் மட்டும்தான் அவளுடையது. விளைந்த நெல் வழக்கம்போல இவர் களத்துக்கே வந்தது.

"குழந்தை ஏதோ உளறுது" என்றார்.

"திங்கட்கிழமை திரும்ப வர்றேன். பாப்பாவும் இருக்கட்டும்." இன்ஸ்பெக்டர் காபியைக் குடிக்காமலே போனார். ரெத்தினத்தை அதுதான் அதிகம் பயமுறுத்தியது.

தப்பு அவருடையதுதான். ஊராட்சிப் பள்ளியில் படித்தவரை தங்கமணி ஒழுங்காகப் பொய் சொல்லிக்கொண்டிருந்தாள். கூடப் படித்த பிள்ளைகளிடம் கற்றுக்கொண்டு, ஒருநாள் நடுக்கூடத்தில் நின்று 'உழுபவனுக்கே நிலம்' என்று கோஷம் போட்டாள். அன்றைக்கே அவளை அங்கிருந்து நிறுத்தி, தஞ்சாவூரில் கன்னியாஸ்திரிகள் நடத்தும் பள்ளியில், ஹாஸ்டலில் சேர்த்தார். அங்கே நீதிபோதனைக்கென்றே தனி வகுப்பு உண்டு. பிள்ளை சொன்னபடி கேட்கும் என்று நம்பினார். யார் சொன்னபடி என்று யோசிக்கவில்லை.

இப்போது காலாண்டுப் பரீட்சை லீவு.

"காளியம்மா நிலம்னு ஒரே ஒரு தடவை சொல்லும்மா."

"பொய் சொன்னா பாவம்ப்பா. சிஸ்டர் சொல்லியிருக்காங்க."

சிஸ்டர் சொன்னதை சிஸ்டர்தானே மாற்ற வேண்டும்? மகளைக் கூட்டிக்கொண்டு தஞ்சாவூருக்கு பஸ் ஏறினார்.

"பெரியவங்க பேசுறப்ப வாயத் தொறக்கக் கூடாதுன்னு கொஞ்சம் சொல்லிக் குடுங்க சிஸ்டர்."

"என்ன விஷயம்?" என்று கேட்டார் சிஸ்டர் லூர்துமேரி.

ரெத்தினம் பதில் சொல்வதற்குள் தங்கமணி எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

"உண்மை தெரிஞ்சும் பேசாம இருந்தா அதுவும் பொய்தாம்மா" என்றார் சிஸ்டர்.

திரும்பும் வழியில் தங்கமணி சொன்னாள்: "அப்பா, அந்த சார் கேக்காட்டியும் நானே போய்ச் சொல்லிடணும்."

வீட்டில் மனைவி ஆனந்தவல்லிதான் வழி சொன்னாள். "அவ பொய் சொல்ல மாட்டா. அப்ப அதை நெசமாக்கிடுங்க. திங்கட்கிழமை வரைக்கும்தானே?"

மறுநாள் வியாழக்கிழமை. மகளை வைத்துக்கொண்டே ரெத்தினம் காளியம்மாளைக் கூப்பிட்டார்.

"அந்த ஒரு வேலியும் உனக்கே குடுத்துட்டேன் காளியம்மா. இனிமே அது உன் நிலம்."

"சரிங்கய்யா."

"அப்ப களத்துல இருக்கிற குறுவை நெல்லு?" என்றாள் தங்கமணி.

"அதுவும்... அவளுக்குத்தான்" என்றார் ரெத்தினம்.

நெல் மூட்டைகள் வண்டியேறி காளியம்மாள் தெருவுக்குப் போயின. மூட்டைகளின் மேல் உட்கார்ந்து, வழி நெடுக ஊருக்கே செய்தி சொல்லிக்கொண்டு போனாள் தங்கமணி. சாயங்காலம் விவசாயத் தொழிலாளர் சங்கத்துக்காரர்கள் வந்தார்கள். இதுவரை கொடியோடு மட்டுமே வந்தவர்கள், இந்த முறை ரோஜா மாலையோடு வந்தார்கள். ரெத்தினம் கழுத்தை நீட்டினார். வேறு என்ன செய்வது?

திங்கட்கிழமை தங்கமணி நிமிர்ந்து நின்று சொன்னாள்: "எங்கப்பா காளியம்மாவுக்கே நிலத்தைக் குடுத்துட்டாங்க சார். நெல்லும் குடுத்தாங்க. நானே பாத்தேன்."

இன்ஸ்பெக்டர் தெருவில் நாலு பேரை விசாரித்தார். நாலு பேரும் அதையே சொன்னார்கள். நிலம் காளியம்மாள் அனுபவத்தில் இருக்கிறது என்று எழுதிக்கொண்டு, ரெத்தினத்தைக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு ஜீப்பில் ஏறினார்.

ரெத்தினத்துக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. மகளைக் கொல்லைப் பக்கம் அனுப்பிவிட்டு, விசாரணைக்கு வந்திருந்த காளியம்மாளிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"நல்லபடியா முடிஞ்சுது. நாளைக்கு மூட்டைகளைத் திருப்பி அனுப்பிடு. நிலம் என்னோடதுதான்னு எழுதித் தர்றேன், ஒரு கைநாட்டு மட்டும் வச்சுடு."

காளியம்மாள் சங்கடத்தோடு தலையைச் சொறிந்தாள்.

"அது முடியாதுங்களேய்யா. நெல்லு வித்த காசுல எம்மவ பூவம்மாளையும் அதே சிஸ்டர்கிட்ட சேத்துட்டு வந்துட்டேன். இனிமே நான் எப்படிங்க பொய் சொல்றது?"