மூடிகள் பறக்கலாகாது

படகு தண்ணீரில்தான் மூழ்கும் என்பது பொதுமக்களிடம் நெடுங்காலமாக நிலவிவரும் தவறான நம்பிக்கை. கண்டி வீதியில், ஜீப்பின் கூரைமேல், தரையிலிருந்து ஏழடி உயரத்திலும் படகு மூழ்கும். எழுபத்து மூன்றாம் ஆண்டு ஐப்பசியில் திருகோணமலை நீர்க்கேளிக்கை மேம்பாட்டு அலுவலகம் இதை ஐயந்திரிபற நிறுவியது.

கொழும்பில் பெரிய மனிதர்கள் கயாக் என்னும் ஒடுங்கிய படகில் துடுப்புப் போடுவது நாகரிகமாகியிருந்தது. எனவே தம்பலகாமத்தில் வயல் செய்யும் கமக்காரர்களும் துடுப்புப் போடவேண்டும் என்று தீர்மானிக்கப்பட்டது. வெளிநாடொன்று இரண்டு கயாக்குகளையும், அவற்றை ஜீப்பில் இறுக்கப் பட்டிகளையும், ஆள் இருக்கும் குழிக்குத் துணிமூடிகளையும் நன்கொடையாக அனுப்பியது. மூடிகளைக் கட்டக் கயிறு அனுப்பவில்லை.

சாரதி இக்னேசியஸ் ஆறு வருடமாகத் தற்காலிக ஊழியர். படகுகளைத் தம்பலகாமத்துக் குளத்தில் கொண்டுபோய் இறக்கும் இந்தப் பயணம் குறைவின்றி முடிந்தால் நிரந்தர நியமனம். ஒரு மூடி தொலைந்தாலும் வேலை போய் வீடு. ஆகவே அவர் களஞ்சியப் பொறுப்பாளர் சிவகுருநாதனிடம் நாலடி கயிறு கேட்டார்.

"கயிறு படகுக்குத்தான் குடுக்கலாம். ஜீப்புக்கு மேலை இருக்கிறது படகில்லைக் காணும், சாமான்" என்றார் சிவகுருநாதன்.

தன் வீட்டுக் கயிற்றைக் கொண்டுவரலாமா என்று இக்னேசியஸ் மேலதிகாரி இராஜநாயகத்திடம் கேட்டார்.

"அரசாங்கப் படகிலை கட்டினால் அது அரசாங்கக் கயிறு. பிறகு அவிழ்க்க மூன்று பேர் கொண்ட குழு வேணும். தம்பலகாமத்திலை குழுவுக்கு எங்கை போறது?"

இருந்தும் அவர் இக்னேசியசைக் கைவிடவில்லை. 'பயணத்தின்போது மூடிகள் பறக்கலாகாது' என்று தட்டச்சுச் செய்து, கையொப்பமிட்டு, ஒவ்வொரு மூடியிலும் ஒட்டுவித்தார்.

முதல் மூடி கப்பல்துறையில் உத்தரவோடு பறந்தது. இரண்டாவது அடுத்த மைல்கல்லில். அதன்பின் அந்த மாரியின் முதல் மழை கொட்டியது. குழிகள் நிரம்பின, கூரை தாழ்ந்தது. முன் இருக்கையில் இராஜநாயகம் தலையை மடியில் வைத்தபடி பயணத்தை மேற்பார்வை செய்தார்.

தம்பலகாமத்துக் குளத்தில் முழங்காலளவு தண்ணீர்தான் கிடந்தது. திட்டத்தைத் தொடக்கிவைக்கக் கரையில் காத்திருந்த பிரதி அமைச்சர், ததும்பும் படகுகளைப் பார்த்து இது என்ன என்று கேட்டார். இராஜநாயகம் சாரதியைப் பார்த்தார். இக்னேசியசுக்கு ஆறு வருடமும் கண்முன் வந்து நின்றது.

"குளம் வத்திப்போச்சு எண்டு கேள்விப்பட்டம், ஐயா. அதுதான் தண்ணியும் கொண்டு வந்தனாங்கள்."

"முன்னோடித் திட்டம்" என்றார் இராஜநாயகம் உடனே.

கமக்காரர்கள் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். பிரதி அமைச்சர் கைதட்டினார், அவர்களும் தட்டினார்கள். ஸெய்னுதீன் என்ற கமக்காரர் மட்டும் தட்டாமல் முன்னே வந்து, தன் வயலுக்கும் ஒரு படகு தண்ணீர் வருமா, அதற்கு எந்தப் படிவம் என்று விசாரித்தார். மறுநாள் சிரித்தவர்கள் எல்லோரும் வரிசையில் நின்றார்கள்.

இக்னேசியசுக்கு நிரந்தர நியமனம் கிடைத்தது. படகுகளைத் திறந்தே வைத்து, மழையில் நிரம்பிய பின்னரே புறப்பட வேண்டும் என்று கடிதம் பணித்திருந்தது.

அடுத்த வருடம் சித்திரை முதல் புரட்டாதி வரை, நாள்தோறும் எட்டு மணி முதல் நாலேகால் வரை, அவர் வானத்தைப் பார்த்தபடி ஜீப்புக்குள் இருந்தார்.